நீ பார்த்து வைத்த கேபினெட்டை நான் வாங்கவில்லை

அன்புக்கும் வசவுக்கும் ஒருசேர உரிய இசக்கிமுத்துவுக்கு,

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஆசைப்பட்டுப் பார்த்து வைத்த அந்தக் கண்ணாடி கம்ப்யூட்டர் கேபினெட்டை நான் வாங்கவில்லை. வேறு ஒன்று வாங்கினேன். கறுப்பு. முகப்பு முழுக்க இரும்பு வலை. பார்ப்பதற்கு ரேஷன் கடை அலமாரி மாதிரி இருக்கிறது. உனக்குப் பிடிக்காது. பிடிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இதை உன் படத்துக்கு முன்னால் நின்று மனசுக்குள் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு என்னைத் திட்டுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நீலக் குழாய்கள் ஓட நீ வரைந்து போட்ட படத்தைத் தேடி எடுத்து, 'அவன் கடைசி ஆசை, அப்படியே செய்' என்கிறார்கள். அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கடைசி ஆசையா அது? கடைசியாக நீ எனக்கு அனுப்பிய செய்தி, இரண்டாவது தடவை சால்னா ஊற்றாத புரோட்டாக் கடைக்காரரைப் பற்றியது. அதையும் நிறைவேற்றட்டுமா?

சேரன்மகாதேவிச் சாலையில் நீ பைக்கோடு விழுந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. முக்கூடலில் உன் வீட்டு முன்னறையில் நீ தொடங்கிய தொழில் நிற்கவில்லை. உன் தங்கை பேச்சி நடத்துகிறாள். கட்டப்போகிற வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கித் தருகிற அதே வேலை. கோபப்படாதே, உன்னைவிட நன்றாகச் செய்கிறாள். உன் படங்களில் எல்லா வீட்டு வாசலிலும் அதே சிவப்புக் கார்தான் நிற்கும். அவள் படத்தில் மாடிக்கொடியில் துணி காய்கிறது.

ஆனால் மிஷின் நீ விட்டுப்போன பழைய மிஷின். சித்திரை வெயிலில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, படம் பாதி தயாராகும்போது சூடு தாங்காமல் தானாக அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஓடவிட வேண்டும். உன்னுடைய பெரிய வாடிக்கைக்காரர், அந்தத் திருநெல்வேலி கட்டுமானக்காரர், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, இந்த அடுக்குமாடி வேலையும் தாமதமானால் மதுரை ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பேச்சியிடம் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வேலை போனால் மற்றதை வைத்துத் தொழிலை ஓட்ட முடியாது. உன் தாய்மாமன் அதற்காகவே காத்திருந்தார். மிஷினை விற்றுவிட்டுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். என்னைக் கண்டால் குரல் ஏறும். "ஏலே டேனி, நீதாம்லே அவளுக்குக் கொம்பு சீவி விடுத. படம் ஓட்டுதது எல்லாம் தியேட்டர்காரன் சோலி. வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு?"

நீ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த வாட்டர் கூலிங் சாமான்கள் உன் பீரோவில் உறை பிரிக்காமல் இருந்தன. பம்ப், குழாய்கள், பெரிய ரேடியேட்டர், இரண்டு கிராபிக்ஸ் கார்டுக்கும் செம்புத் தகடுகள். கேபினெட் மட்டும் இல்லை. அதைத்தான் நாம் சண்டை போட்டே வாங்காமல் விட்டோம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். பம்ப் தண்ணீரைச் சுற்றவிடும். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் காற்று அந்தச் சூட்டை வெளியே தள்ளும். லாரியில் இருக்கிற அதே ஏற்பாடுதான். காற்றுக்கு வழியில்லை என்றால் உள்ளே ஓடுவது வெந்நீர். அவ்வளவுதான் இதில் உள்ள விஞ்ஞானம், அதைத்தான் உன் மண்டையில் ஏற்ற முடியவில்லை.

நீ பார்த்த கேபினெட்டுக்கு முகப்பும் கண்ணாடி, பக்கமும் கண்ணாடி. ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு ஒன்று. அவ்வளவு பெரிய ரேடியேட்டர் அது வழியாகத்தான் மூச்சு வாங்க வேண்டும். 360 ரேடியேட்டர் உள்ளே போகும் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பிவிட்டாய். முன்னூற்றறுபது மில்லிமீட்டர் என்பது மூன்று ஃபேன் வரிசையின் நீளம். ரேடியேட்டரின் இரண்டு முனையிலும் தண்ணீர் தேங்கும் சின்னத் தொட்டி இருக்கிறதே, அதை உன் தாத்தாவா வந்து அளப்பார்? உன் பீரோவிலிருந்து எடுத்து டேப் வைத்தேன். நானூறுக்குப் பக்கத்தில் வருகிறது. அதுவும் நீ வாங்கியது தடித்த ரகம். ஃபேனையும் சேர்த்து மாட்டினால் மதர்போர்டில் போய் முட்டும். இஞ்சினியரிங் படித்தவன் நீ.

இதற்கு நடுவில் வருஷப் படையல் வந்தது. உனக்குப் பிடித்ததை எல்லாம் உன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பிறகு வீட்டு ஆட்கள் எடுத்துப் புழங்குவது உங்கள் வழக்கம். அவன் பாத்து வச்ச பெட்டியையும் வாங்கிட்டு வந்திருய்யா, படையல்ல வைக்கணும், அப்புறம் அதுலயே மிஷினப் பூட்டிக்கோ என்று உன் அம்மா என்னிடம் சொன்னாள். நான் பாளையங்கோட்டைச் சபையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் கல்லறையில் பூ வைத்து ஜெபித்துவிட்டு வந்துவிடுவோம். இறந்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. ஆனாலும் உன் அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, ரேடியேட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குக் கிளம்பினேன்.

கடை கடையாகப் போய், ஒவ்வொரு கேபினெட்டையும் திறந்து ரேடியேட்டரை உள்ளே நுழைத்துப் பார்த்தேன். வெளியே எத்தனை நிறத்தில் லைட் எரிகிறது என்று எல்லோரும் காட்டினார்கள். முகப்பைக் கழற்ற முடியுமா, தண்ணீரை வடித்துவிட அடியில் கை போகுமா என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஒரு அண்ணாச்சி வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வே, கேபினெட் வாங்க ரேடியேட்டரத் தூக்கிட்டு வந்த ஆளு நீருதான். லாரி ஒர்க்‌ஷாப்பு அங்கன, பைபாஸ்ல இருக்கு."

அவர் கடை மாடி மூலையிலேதான் இந்தக் கறுப்புப் பெட்டி கிடந்தது. யாரோ ஒருவர் வாங்கிப்போய், வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்ததாம். ரேடியேட்டர் முகப்பில் உட்கார்ந்த பிறகும் மேலேயும் கீழேயும் இடம் மிச்சம். முகப்பைக் கையாலேயே பிடுங்கலாம். வலைக்குப் பின்னால் மெல்லிய நைலான் வடிகட்டி, காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் கையோடு வரும். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். இனி அந்த மூலையில் வேறு ஏதாவது வைக்கலாம் அல்லவா.

படையல் அன்றைக்கு அதை முன்னறையில் கொண்டுபோய்ப் பிரித்து வைத்தேன். உன் அம்மா வலையை விரலால் தடவிப் பார்த்தாள். மாமா பேசினார்.

"இது என்னலே, மணல் சலிக்கிற சல்லடையா? செத்தவன் கேட்டது ஒண்ணு, நீ கொண்டாந்தது ஒண்ணு."

"அவன் கேட்டது தப்பு மாமா."

"செத்தவன்ட்ட போய் தப்பு ரைட்டு பாக்கியே. நீயெல்லாம் ஒரு சேக்காளியா?"

"உசுரோட இருக்கும்போதே பாத்தேன். இப்ப மட்டும் எதுக்கு விடணும்?"

அப்போதுதான் பேச்சி குறுக்கே வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, அவன் அழகுக்காகக் கேக்கல. அம்மா பீடித் தூளுக்காகத்தான் மூடுன பெட்டியாப் பாத்தான். வலை வச்சா தூளு உள்ள போயி மிஷின் கெட்டுரும், அப்புறம் அம்மாவ அடுப்படில போயி உக்காந்து சுத்தச் சொல்லணும்னு எங்கிட்ட சொன்னான்."

ஏம்லே, என்னிடம் ஏன் சொல்லவில்லை? மாதக்கணக்கில் சண்டை போட்டாய். 'அழகா இருக்குலே' என்பதைத் தவிர வேறு ஒரு காரணம் உன் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஜன்னலோரம் புகையிலைத் தூள் பரப்பிய சொளகை மடியில் வைத்து உன் அம்மா பீடி சுற்றுவதும், பக்கத்தில் நீ கம்ப்யூட்டரில் வீடு கட்டுவதும், இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டிருப்பதும் நான் பார்க்காததா? அம்மாவை அங்கிருந்து எழுப்பக் கூடாது என்று சொல்ல உனக்கு என்ன வெட்கம்? சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை முடிந்திருக்கும். உன்னைப் பேசவிடாமல் நானே பேசிக்கொண்டிருந்தேன் என்பாய். இருக்கலாம். அதற்கும் நீ கத்தியிருக்க வேண்டும்.

பேச்சி சொல்லி முடித்ததும் உன் அம்மா சொளகைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நான் அடுப்படிக்குப் போயிருதேன்யா. தொழிலு நடக்கட்டும்." எழுந்தது மட்டும் இல்லை, இரண்டு எட்டு வைத்தும் விட்டாள். நீ எதற்குப் பயந்தாயோ, அது உன் படத்துக்கு முன்னாலேயே நடந்தது.

உன் காரணம் தெரிந்த பிறகும் என் முடிவு மாறவில்லை, இசக்கி. இதை நீ கவனமாகக் கேள். மூடி வைத்தால் தூசி வராது என்று நினைத்தாய் பார், அங்கேதான் தவறினாய். ஃபேன் இழுக்கிறவரை எந்த இடுக்கு வழியாகவும் தூசி உள்ளே வரும், வடிகட்டாமல் வரும். உன் பழைய மிஷினைத் திறந்து துடைத்தவன் நான். இடுக்கைத் தவிர எந்தப் பக்கமும் திறப்பில்லாத அந்தப் பெட்டிக்குள் ஃபேன் இறக்கை எல்லாம் புகையிலை நிறத்தில் இருந்தது. உள்ளே வருகிற காற்று, வெளியே போகிற காற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். வருகிற வழியிலெல்லாம் வடிகட்டி இருக்க வேண்டும். அப்போது இடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் போகும், உள்ளே வராது.

இதையெல்லாம் சொன்னால் யாருக்குப் புரியும்? ஃபேன்களை முகப்பில் மாட்டி ஒரு அடாப்டரில் ஓடவிட்டேன். "அம்மா, எங்கயும் போகாதீங்க. நீங்க இங்கன இருப்பியன்னு தெரிஞ்சுதான் இதை வாங்கினேன். அந்தச் சொளகைக் கொண்டாங்க" என்றேன். ஒரு கை தூளை அள்ளி, ஓடுகிற வலைக்கு முன்னால் ஊதிவிட்டேன்.

மாமா தும்மினார். ஒரு தடவையோடு நிற்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் வைத்த விளக்கே ஆடிப்போனது. தும்மலுக்கு நடுவே என்னை ஏதோ ஏசினார், அது சரியாகக் கேட்கவில்லை. நான் பக்கத்தைத் திறந்து உள்ளே ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினேன். துணி வெள்ளையாகவே இருந்தது. வடிகட்டியை இழுத்தேன். தூள் முழுக்க அதில் அப்பியிருந்தது.

உன் அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, சொளகில் தட்டினாள். மிச்சம் மீதி ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தட்டினாள். கம்பெனித் தூள், நிறுத்துக் கொடுப்பது, வீணாக்கக் கூடாது என்று எனக்கு ஒரு திட்டு. பிறகு வடிகட்டியைத் தானே பழைய இடத்தில் வைத்துப் பார்த்தாள். காந்தம் பிடித்துக்கொண்டது. மறுபடி இழுத்தாள், மறுபடி வைத்தாள்.

"அவன் இருந்தா ஒன்னைய அடிச்சிருப்பான்."

"அடிச்சுட்டு இதத்தான் வாங்கியிருப்பான்."

அவள் வாழையிலையைப் பைய நகர்த்தி, அந்த அவலட்சணமான பெட்டிக்கு உன் முன்னால் இடம் செய்தாள். நானும் நின்றேன். கும்பிட எனக்கு வரவில்லை. உன் படத்தைப் பார்த்து முறைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றுத் தண்ணீர் ஊற்றினால் புண்ணியம் என்று மாமா சொன்னதை ஒதுக்கிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற வாலை வடித்த தண்ணீரையே ஊற்றினேன். கசிவு இருக்கிறதா என்று ஒரு பகல் முழுக்க அடியில் காகிதம் விரித்து ஓடவிட்டேன். ஈரம் இல்லை. அடுக்குமாடிப் படத்தைப் பேச்சி உச்சிவெயிலில்தான் தொடங்கினாள், வேண்டுமென்றே. நான் கூடாது என்றேன். அவள் கேட்கவில்லை. உங்கள் குடும்பமே இப்படித்தான். கூரை தகித்தது, நாங்கள் வேர்த்துக் கொட்டினோம், உன் அம்மா ஜன்னலோரம் சுற்றிக்கொண்டே இருந்தாள். மிஷின் அணையவில்லை. படம் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. கட்டுமானக்காரர் நன்றி எல்லாம் சொல்லவில்லை, அடுத்த கட்டடத்தின் பிளானை அனுப்பி வைத்தார்.

மாமா மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தவில்லை. வருகிறவனுக்கு அந்த முன்னறையைக் காட்டிவிட்டு மீதியைப் பேசச் சொல்லுங்கள் என்று பேச்சி சொல்லிவிட்டாள். போன வாரம் அவர் தன் மகன் கட்டப்போகிற வீட்டைப் படமாக்கித் தரச் சொல்லி வந்தார். வாசலில் சிவப்புக் கார் வேண்டுமாம்.

குழுவில் என்னைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். நீ செத்துப்போனதால் நீ சொன்னதெல்லாம் சரியாகிவிடாது. அப்படி ஒத்துக்கொண்டால் அன்றைக்குத்தான் நீ எனக்கு நிஜமாகவே செத்துப்போவாய். அந்தச் சௌகரியத்தை உனக்குத் தரமாட்டேன்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உன் அம்மா உட்காரும் அந்த ஜன்னலோரத்துக்கு எதனால் இடைஞ்சல் வந்தாலும், அது மிஷினாக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும் நாளைக்கு வரப்போகிற மாப்பிள்ளையாகவே இருந்தாலும், என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ சொல்லாமல் விட்டதை நான் சத்தமாகச் சொல்வேன். உன் பேச்சைக் கேட்க மாட்டேன், உன் வேலையைச் செய்வேன்.

நாலு மாதம் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் உன் அண்ணன்,
டேனியல்
பாளையங்கோட்டை