காமாலை என்று எழுதிய படிவம்

7 ஜூலை 1986, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வேலைக் கடிதம் வந்துவிட்டது. ஜூனியர் அசிஸ்டென்ட், நாச்சாரம் தாண்டி ஒரு மத்திய அரசு கம்பெனி. எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ இரண்டும் தாண்டியாயிற்று. பாக்கி மெடிக்கல் மட்டும். வியாழன், பத்து மணி.

அம்மா உடனே காலண்டரைப் பார்த்தாள். "ஆடி பொறக்கறதுக்குள்ள சேர்ந்துடணும்டி கலா. பத்து நாள்தான் கீது."

குளிக்கும்போது பார்த்தேன். இடது தொடையில் நீலம். எட்டணாக் காசு அளவு. எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை.

ஈறு: ரத்தம் இல்லை.
கழுத்து: கட்டி இல்லை.
அக்குள்: தெரியவில்லை.
காய்ச்சல்: இல்லை. ஆனால் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கையும் என்னுடையதே. சாட்சி செல்லாது.

யாரிடமும் சொல்லவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

நீலம் இருக்கிறது. விளிம்பில் பச்சை. நல்லதா, கெட்டதா? பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியதால் என்று ஒரு கட்சி. நாடா தொடையில் கட்டுவதில்லை என்று எதிர்க்கட்சி.

அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார். லாலாகுடா ரயில்வே பட்டறையில் சார்ஜ்மேன், ஒழுங்காகப் பூர்த்தி செய்யாத காகிதத்தைக் கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "இதற்கு முன் வந்த பெரிய நோய்கள்" என்ற கட்டம் வந்தது. பேனா நின்றது.

"காமாலைனு போட்டுடலாம்மா. பெருசா வந்தது அது ஒண்ணுதான்."

போட்டார். ஜாண்டிஸ், 1974. பக்கத்தில் 'முழுக் குணம்'. அதற்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இதில் எங்கள் குடும்பத்துக்குப் பன்னிரண்டு வருடப் பயிற்சி.

இந்த நோட்டில் மட்டும்: அது காமாலை இல்லை. எட்டு வயதில் எனக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். ரயில்வே காலனிக்குக் காமாலை என்று சொன்னார்கள். சொன்னபின் அதற்கு நியாயமாக நடந்துகொள்ள வேண்டாமா? எண்ணெயில்லாத சாப்பாடு ஒரு வருடம். எதிர் குவார்ட்டர்ஸ் பாக்கியம் அக்கா தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்து, நான் விழுங்கும்வரை நின்று பார்த்தார். மருந்தில் முடி கொட்டியபோது திருப்பதி வேண்டுதல் என்றார்கள். மூன்று வருடத்தில் மூன்று மொட்டை. பெருமாளுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை. பதிமூன்று வயதில், அலமாரிக்குப் பின்னால் கிடந்த மாத்திரை அட்டையைக் கொண்டு ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் நானே தேடினேன். பழைய புத்தகம். அதன்படி நான் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. புத்தகத்தை உரிய தேதியில் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

10 ஜூலை, வியாழன்

மெடிக்கல். கம்பெனி டிஸ்பென்சரி. லேடி டாக்டர், முன்பு மிலிட்டரியில் இருந்தவராம், அல்வாலிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார். எடை, உயரம், கண், சிறுநீர். முதுகெலும்பின் ஊசித் தழும்புகளுக்கு மேல் ஸ்டெதஸ்கோப் போயிற்று. நிற்கவில்லை.

பிறகு படிவத்தைப் படித்தார். "ஜாண்டிஸா? அரே, அப்ப லிவர் பார்க்கணுமே. நாளைக் காலை வெறும் வயிற்றோடு வா. ரத்தம் எடுக்கலாம். ரத்த அணு கவுன்ட்டும் பார்த்துடலாம்."

மற்றப் பெண்கள் யாருக்கும் ரத்தம் இல்லை. கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிய பெண் சமோசா சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனாள். எங்கள் பொய்யில் மட்டும் நோய் இருந்தது.

வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். பிறகு அம்மா, குரலைத் தாழ்த்தி:

"சுதாவ அனுப்பிட்டா இன்னா? ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதானே. கம்பவுண்டர் இன்னாத்தக் கண்டான்?"

என் தங்கை சுதா, பதினாறு வயது, ஊசி என்ற சொல்லுக்கே ஓடுகிறவள். "நக்கோ அம்மா! நான் போமாட்டேன். கைக்கு, எதுக்கு நானு? அக்கா ரத்தத்துக்கு என்ன ஆச்சு?"

அவளுக்கும் காமாலைதான் தெரியும்.

"அவளுக்கு மயக்கம் வரும்டி. ரத்தம் கம்மி" என்றாள் அம்மா.

"எனக்கு மட்டும் பேரல் பேரலாவா கீது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அளவில் நூலளவு தப்பினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிற மனிதர். மாட்டேன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சுதாவிடம், "கையெழுத்து அக்கா மாதிரி போடுவியா கண்ணு?" என்று கேட்டார்.

அப்போதுதான் நிஜமாகப் பயந்தேன். அப்பா இப்படிக் கேட்கிறார் என்றால் அவரும் என் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

11 ஜூலை, வெள்ளி

ஐந்தரைக்கு எழுந்து, யாரும் விழிக்குமுன் நடந்தே போய்விட்டேன். சுதாவின் ரத்தம் எனக்கு வேலை வாங்கித் தரும். என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

கம்பவுண்டர் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார். "க்யா பேட்டி, நரம்பெல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கே?" பழைய ஊசிகள் பயன்படுத்தி முடித்த நரம்பு என்று சொல்லவில்லை. சிரித்தேன்.

வீட்டில், "குடுத்துட்டேன்" என்றேன். அம்மா தட்டில் மூன்று இட்லி வைத்தாள். நான்காவதும் வைத்தாள்.

13 ஜூலை, ஞாயிறு

ரிப்போர்ட் நாளை. இன்று செய்தவை: தலையணை உறை தைத்தது, பாக்கியம் அக்காவுக்கு ஊசியில் நூல் கோத்துத் தந்தது, ஈறு ஆறு முறை. நீலம் மங்கலாகிறது. நம்பவில்லை.

பாக்கியம் அக்கா: "வேலைக்குப் போயிட்டா அடுத்தது கல்யாணந்தான். எங்க கீழாநெல்லில பொழச்ச பொண்ணு, மாப்பிள்ளைகிட்ட நானே சொல்றேன்."

கடைசியாக ஆஸ்பத்திரிச் சோதனைக்குப் போனது பதினான்கு வயதில். வாசல் பஸ் நிறுத்தத்தில் காலனிக்காரர் ஒருவர் பார்த்து, "இங்க யாருக்கு?" என்றார். "பஸ் மாறுறோம்" என்றார் அப்பா. அதன்பிறகு நாங்கள் அங்கே பஸ் மாறவில்லை. ஆறு வருடமாக என்னைச் சோதிக்கும் ஒரே மருத்துவர் நான். தகுதி: பயம்.

நாளை நார்மல் என்றால்? காமாலையைத் தேடிய ஒருவர் அது இல்லை என்பார். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தூங்குவது?

கெட்டது என்றால்? அந்த வரியை எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

14 ஜூலை, திங்கள்

டிஸ்பென்சரி வெளி பெஞ்சில் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

டாக்டர்: "லிவர் சுத்தம். கவுன்ட் நார்மல். ஜாவ், சந்தோஷமா வேலை பாரு." பேனாவை எடுத்து 'தகுதி' என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்.

எழுந்தேன். திரும்ப உட்கார்ந்தேன்.

"மேடம், அது காமாலை இல்லை. லுகேமியா. மூன்று வருடம் மருந்து."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. மிகச் சிறிய சத்தமாக இருந்தது.

பேனாவை மூடினார். "இதை எழுதினது யாரு?"

"அப்பா."

"உனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கதவைச் சாத்தினார். படுக்கச் சொன்னார். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. வயிற்றில் இடது பக்கம் அழுத்தி, மூச்சை இழு, விடு, இன்னொரு தரம். தொடையைக் காட்டினேன். பார்த்தார். ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து, இந்த முறை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

"எனக்கு ஒண்ணும் தட்டுப்படலை. இப்ப தெரிஞ்சு பார்த்துச் சொல்றேன். ஆனா வருஷா வருஷம் பெரிய இடத்துல காட்டணும்." பிறகு படிவத்தைப் பார்த்து, "இதை என்ன பண்றது?" என்றார். என்னைக் கேட்டாரா தெரியவில்லை. "அப்பா வந்திருக்காரா? அழைச்சுட்டு வா."

அரை நாள் லீவு போட்டு அப்பா கேட்டில் நின்றிருந்தார். "இன்னாம்மா, பாஸா?"

"உள்ள கூப்பிடறாங்கப்பா."

"இன்னாத்துக்கு?"

"லுகேமியா பத்திப் பேச."

அப்பா சைக்கிளைப் பூட்டினார். பூட்டியதைத் திறந்தார். மறுபடி பூட்டினார். எனக்கு முன்னால் நடந்தார்.

இப்போது உள்ளே இருக்கிறார். கதவு சரியாகச் சாத்தவில்லை. குரல் கேட்கிறது. மருந்துப் பெயர்கள், தேதிகள், எந்த வார்டு, எத்தனாவது படுக்கை. கையில் காகிதம் இல்லாமல் ஒப்பிக்கிறார். வேலை கிடைக்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முதுகு ஊசி மொத்தம் பதினெட்டு என்கிறார்.

பத்தொன்பது. உள்ளே போகிறேன்.