தூக்கத்தில் ஓங்கிய கை

அன்புள்ள அம்மாவுக்கு, லின்சி எழுதுவது. கர்த்தர் கிருபையால் டப்ளினில் நான் நலம். கணபதியில் நம் வீட்டில் நீங்களும் அப்பாவும் சுகமா?

எங்கள் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் போன வாரம் ஒரு பெரியவர் தூக்கத்திலேயே என்னைக் குத்திவிட்டார். பயப்படாதீர்கள், லேசான வீக்கம்தான். நாய் துரத்துவதாகக் கனவு கண்டாராம், விழித்ததும் அழுதுவிட்டார். கனவு காணும்போது நம் கைகால்கள் அசையாமல் கட்டுண்டு கிடக்கும், சிலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும் என்றார் டாக்டர்.

வீடியோ காலில் உங்கள் கன்னத்துக் காயத்தைப் பார்த்துக் கேட்டபோது, "கதவு இடிச்சுப்போட்டுது கண்ணு" என்றீர்கள். இனி மறைக்க வேண்டாம். அப்பா தூக்கத்தில் கத்துவது எனக்கும் தெரியும். வியாழக்கிழமை அவரைத் தம்பி மெர்வின் நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போவான். அதுவரை தனிக் கட்டிலில் படுங்கள்.

உங்கள் பழைய தலையணை உறை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். இங்கே எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அப்பா உங்களை அடிக்கவில்லை அம்மா. அதை அவரிடமும் சொல்லுங்கள்.

லின்சி