சூடேறாத ஏழு பெட்டிகள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். காகிதத்தில் அது நடக்காது.

அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் உள்ள ஒட்டடை எல்லாம் அவள் கண்ணில் படுகிறது, என் நிம்மதிதான் போய்விட்டது. உன் வீட்டு மாடி எதுவரை வந்திருக்கிறது? கடன் வாங்காமலே கட்டுகிறீர்கள் என்று உன் மனைவி சொன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி, பக்கத்துப் பள்ளி, தண்ணீர் மோட்டார் மூன்றுக்கும் சேர்த்து மைக்ரோகிரிட் என்று தனியாக ஒரு சின்ன மின் அமைப்பு போட்டிருக்கிறார்கள் அல்லவா? கூரையில் சோலார், பின்பக்க அறையில் பன்னிரண்டு பேட்டரிப் பெட்டிகள். வெளிக் கரண்ட் போனாலும் எட்டு மணி நேரம் தாங்கும் என்று பேச்சு. கடன் கொடுத்த வங்கி கடைசித் தவணையை விடுவிக்க இரண்டு கையெழுத்து கேட்கிறது. ஒன்று, வங்கிக்காகப் பார்வையிடும் இன்ஜினியரான உன்னுடையது. மற்றது, தலைமை நர்ஸான என்னுடையது. ஒரே வீட்டில் இரண்டு பெரிய மனிதர்கள்.

கம்பெனிக்காரர் ஒருவர் வருவார். எதற்கெடுத்தாலும் சிரிப்பார், அதனால் சிரிப்புக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டோம். இரண்டு வாரம் முன்பு சோதனை என்று சொல்லி மெயினை அணைத்தார். அதற்கு முன்னால், "சிஸ்டர், தடுப்பூசி ஃப்ரிட்ஜையும் குழந்தை வார்மரையும் கொஞ்சம் ஆஃப் பண்ணிடுங்க, ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார். பத்து நிமிஷம் விளக்கு எரிந்தது. கை தட்டினார்கள். எந்த இரண்டுக்காக இதைக் கேட்டு வாங்கினோமோ அவற்றை அணைத்துவிட்டு என்ன சோதனை என்று கேட்டேன். சிரித்தார். பெட்டிகளைத் திறந்து காட்டச் சொன்னேன். சாவி தலைமை அலுவலகத்தில் இருக்கிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் சொல்லிவிட்டு நானே சோதித்தேன். தடுப்பூசிகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன். வார்டில் கால் முறிந்த ஒருவர் மட்டும். வானம் மூடியிருந்தது. காலை எட்டு மணிக்கு ஃப்ரிட்ஜ், வார்மர் எல்லாவற்றையும் ஓடவிட்டு மெயினை அணைத்தேன். பதினொன்றே காலுக்கு எல்லாம் நின்றுபோயிற்று. ஓடுகிற பேட்டரி சூடேறும் என்பதால், நடுவில் ஒவ்வொரு பெட்டியாகப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இருபது வருஷமாகக் காய்ச்சல் பார்க்கிற கை. ஐந்து பெட்டிகள் வெதுவெதுப்பாக இருந்தன. ஏழு சில்லென்று கிடந்தன, தட்டினால் காலி பீரோ மாதிரி சத்தம். கட்டிலில் இருந்தவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், பெட்டிக்கு ஊசி போடப் போறீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிப்புக்காரர் என் கையெழுத்துக்காக விட்டுப்போன ஃபைலில் உன் அறிக்கையும் இருந்தது. பன்னிரண்டு பெட்டிகளையும் நேரில் திறந்து பார்த்ததாக எழுதி, பதினான்காம் தேதி போட்டிருக்கிறது. பதினான்காம் தேதி அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை கண் ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாய். யாரோ உன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் ஆறுதல் அடைந்தேன். பிறகு கையெழுத்துக்குக் கீழே நீ எப்போதும் வைக்கும் அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்தேன். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை நீ போட்டபோதே அந்தப் புள்ளிகளால்தான் மாட்டிக்கொண்டாய்.

போன வருஷப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. எடை குறைந்து பிறந்த குழந்தையை அதன் தாயும் நானும் மாற்றி மாற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் அது போய்விட்டது. நான் போனில் சொன்னபோது நீ அழுதாய். அந்த அழுகை பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த அறிக்கை விஷயத்தை டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் உனக்கு எழுதுகிறேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை சிரிப்புக்காரர் என் கையெழுத்துக்கு வருகிறார். நான் போட மாட்டேன். ஏன் என்று கேட்டால் பெட்டியையும் சொல்வேன், தேதியையும் சொல்வேன். உனக்காக நான் சொன்ன பொய்கள் கொஞ்சமா? இதை மட்டும் என்னிடம் கேட்காதே. பணம் கைமாறிவிட்டால் அந்த ஏழு பெட்டிகளை யாரும் நிரப்ப மாட்டார்கள். மழைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

புதன்கிழமையே புறப்பட்டு வா. நீயே சாவி கேட்டு வாங்கித் திற. முதல் அறிக்கை தவறு என்று நீயே எழுது. வேலை போகலாம். போனால் உன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு, இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடலாம். நீ வருகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. என் வாயால் வருவதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு, தம்பி.

உன் அக்கா