ஒரு விரல் நீள வயர்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், நம் வண்டியின் கதவுக் கைப்பிடியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். வண்டி எதிலும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. எட்டு மாதமாகச் செங்கல்பட்டில் என் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் சும்மா நிற்கிறது. பேட்டரியைக்கூடக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டேன். டெஸ்டரில் விளக்கு எரிய வழியே இல்லை. இருந்தும் அது எரியவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் என் கை கைப்பிடிக்குப் போகிறது.

பின்பக்கப் பெட்டியைத் திறந்தேன். கேபிளிலிருந்து ரப்பரும் உப்பும் கலந்த வாசனை வந்தது. நீ சுருட்டியிருந்தால் எட்டுப் போல மடிந்து, நுனி உள்ளே செருகி, அழகாக இருக்கும். இது அன்று நான் வாரிச் சுருட்டித் திணித்தது. ஒரு பக்கம் திருவிடந்தை மணல் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பெட்டியின் முன் நின்றிருந்தபோதுதான் உன் அண்ணன் போனில் ஒரு கடிதத்தை அனுப்பினார். திருவிடந்தைக் கடற்கரை ரிசார்ட்டின் மேனேஜர் தட்டச்சு செய்து கொடுத்தது. 'வாகன உரிமையாளர்கள் தாங்களாகவே செய்துகொண்ட பேட்டரி மாற்றத்தால் ஏற்பட்ட மின்கசிவே இறப்புக்குக் காரணம் என்று அறிகிறேன்.' கீழே என் பெயர். கையெழுத்துக்கு ஒரு கோடு. நான் போட்டுவிட்டால் போலீஸ் கோப்பை மூடிவிடுவார்களாம். ரிசார்ட்டில் மறுபடியும் கேரவன்களை நிறுத்த விடலாமாம்.

எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி! வண்டியில் ஏறுகிறவர்கள் பயந்தால், காய்ந்த விரல் இரண்டை அதன் இரண்டு முனையிலும் வைத்துக் காட்டி, "கடிக்குதா? கடிக்கல இல்ல? அப்போ ஏறி உக்காருங்க" என்பாய். அந்தப் பேட்டரிதான் உன்னைக் கொன்றது என்று எழுதியிருக்கிறார்கள். உன் காரியத்துக்கு வந்தவர்களும் இதையேதான் பேசினார்கள். "செல்போன் பேட்டரியே வெடிக்குது. இம்மாம் பெரிய பேட்டரிய வெச்சிகினு சுத்தினா சும்மா வுடுமா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வயர் வேலை?" என்றார். மறைமலைநகர் கம்பெனியில் பதினாறு வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை கார்களுக்கு நீ வயர்க் கட்டு போட்டாய் என்று அவருக்குத் தெரியாது. அவர் ஓட்டிக்கொண்டு வந்த காரில்கூட உன் கைபட்ட வயர் ஓடியிருக்கலாம்.

அந்தக் கம்பெனி பஸ்ஸில்தான் நாம் இந்த வண்டியை முதலில் ஓட்டினோம், வாயால். நீ ஜன்னலோரம், நான் பக்கத்தில். வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, குடும்பங்களைக் கடற்கரை ஓரமாகக் கூட்டிப் போவது. இயற்பியல் படித்த இரண்டு பெண்களுக்கு இதில் இன்னா கஷ்டம் என்று கேட்டாய். அடுத்த வருஷமே வாங்கியும் விட்டோம். கோவளத்தில் முதன்முறை நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது. கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் என்றுதானே அங்கே நினைப்பு. "எந்த நடிகைம்மா உள்ள கீறாங்க?" என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். "நான்தான். பாத்தா தெரியலயா?" என்று நைட்டியோடு இறங்கி நின்றாய்.

அன்று ஐஸ் கடையில் மின்சாரம் கேட்டோம். அவரிடம் இருந்தது இரண்டு துளை சாக்கெட். நம் பிளக்கில் மூன்று கால். "மூணாவது கால் எதுக்கும்மா? மனுஷனே ரெண்டு கால்லதான் நிக்கிறான். அறுத்துப் போட்டுச் சொருவு" என்றார் கடைக்காரர். "மனுஷன் தள்ளாடறப்போ மூணாவது காலா கம்பு ஊனுறான் இல்ல அண்ணாத்த, அதான் இது" என்று சொல்லிவிட்டு, பிளக்கைச் சொருகாமல் திரும்பி வந்தாய். அன்று ஏ.சி. இல்லை. வந்திருந்த குடும்பம் வியர்த்துக்கொண்டே தூங்கியது.

உன்னிடம் ஒரு பை நிறைய அடாப்டர்கள் இருந்தன. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்ட ஒன்று, சின்னதைப் பெரியதில் மாட்ட ஒன்று, ரிசார்ட்டுகளில் இருக்கும் நீல நிற வட்ட சாக்கெட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தாய். வாயைச் சேர்த்துவிடும், வலுவைச் சேர்க்காது என்பாய் அடாப்டரைப் பற்றி. சின்ன சாக்கெட்டில் மாட்டினால் ஏ.சி.யை நானே போய் அணைக்க வேண்டும்; நீ வாயால் சொல்லக்கூட மாட்டாய், பார்ப்பாய். எந்த இடத்துக்குப் போனாலும் சாக்கெட்டைத் திறந்து ஒவ்வொரு வயரையும் விரலால் இழுத்துப் பார்ப்பாய். "இழுத்துப் பாக்காத ஜாயின்ட்டு ஜாயின்ட்டே இல்லடி." கம்பெனியில் பழகியது. இங்கே அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பேட்டரியை மாற்றியதும் நீ சரியாகத்தான் செய்தாய். இருக்கைக்குக் கீழே இருந்த பழைய இரண்டும் ஆள் எடை. மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயிலில் அமில நெடி. அவற்றை எடுத்துவிட்டு லித்தியம் ஒன்றை வைத்தாய். பழைய சார்ஜர் இதற்குப் பொருந்தாது என்று சார்ஜரையும் மாற்றினாய், வயரைத் தடிமனாக்கினாய், ஃபியூஸ் வைத்தாய். புதிய சார்ஜருக்கு ஒரு குணம்: எர்த் இல்லாத சாக்கெட்டில் மாட்டினால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே எதற்கும் மின்சாரம் விடாது. "ரொம்ப ரோசக்காரன்டி இவன். நம்மள மாதிரி" என்று அதைத் தட்டிக் கொடுத்தாய்.

திருவிடந்தையில் அன்று அதுதான் சிவப்பு விளக்கைப் போட்டது. அந்தச் சார்ஜர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது சாக்கெட்.

இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் யாரும் எழுதவில்லை. சாக்கெட்டில் மூன்று துளை. ஒன்றில் மின்சாரம் வருகிறது, ஒன்றில் திரும்பிப் போகிறது. மூன்றாவதுதான் எர்த்; தரைக்குள் புதைத்த கம்பிக்குப் போக வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் மின்சாரம் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும். ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கு அந்த ஒரு பச்சை வயர்தான் தரை. ரிசார்ட்டில் அந்த மூன்றாவது துளை எதிலும் இணைக்கப்படவில்லை. மணலில் கம்பி புதைத்து, கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீரும் ஊற்றிப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு மனம் இல்லை. அதற்குப் பதிலாக எலெக்ட்ரீஷியன் என்ன செய்தார்? ஒரு விரல் நீளத்துக்கு வயரை வெட்டி, மூன்றாவது துளையைத் திரும்பிப் போகும் துளையோடு சேர்த்து முறுக்கிவிட்டார். லூப் கொடுப்பது என்று அதற்குப் பெயர். சார்ஜர் ஏமாந்தது. விளக்குப் பச்சையானது. ஏ.சி. ஓடியது.

சாயங்காலம் நாலு மணிக்கு, உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்த திரும்பும் வயரின் ஜாயின்ட் விட்டுப்போனது. திரும்ப வழியில்லாத மின்சாரம் அந்த விரல் நீள வயரில் ஏறி, பச்சை வயர் வழியாக வண்டியின் உடம்பு முழுக்க வந்து நின்றது. நீ வந்தவர்களோடு கடலில் நனைந்து, ஈர மணலில் வெறுங்காலோடு வந்து, சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தாய்.

அதற்கு மேல் எழுத என்னால் முடியாது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அது மட்டும் எழுதுகிறேன்.

"உங்க வண்டியில பாதுகாப்பு சுவிட்ச் இருந்திச்சே, அது ஏன் மேடம் ட்ரிப் ஆவல? அப்போ கோளாறு உங்க வண்டியிலதானே?" என்று மேனேஜர் ஏதோ கணக்கை முடித்துவிட்டவர் போலக் கேட்டார். ஆகாது சார். அந்த சுவிட்ச் வண்டிக்குள் போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்க்கும். இரண்டும் சமமாகவே இருந்தன. திரும்பி வெளியே போனதுதான் உங்கள் சாக்கெட்டில் மடங்கிப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. பச்சை வயரில் வருவதை அந்த சுவிட்ச் பார்ப்பதில்லை. யாரும் பார்ப்பதில்லை. பச்சை வயரை எல்லோரும் நம்புகிறோம். இதை நான் படம் வரைந்து சொன்னேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "லூப் இருந்திச்சின்னு நீங்க நேர்ல பாத்தீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

நான் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாம் நாளே சாக்கெட்டை மாற்றிவிட்டார்கள். ஆளுயரக் குழி தோண்டி, எர்த் கம்பி இறக்கி, சிமென்ட் மூடி போட்டு, அதன் மேல் மஞ்சள் பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். மூன்று நாள் வேலைதான்! நீ உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு அந்த மூன்று நாள் கிடைக்கவில்லை. அந்த எலெக்ட்ரீஷியனைப் பிறகு பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "எல்லா எடத்துலயும் இப்டித்தான் மேடம் குடுக்கறோம். மணல்ல எர்த்து புடிக்கல, குழி போடலாம்னு போன வருசமே சொன்னேன். வெளக்கு எரியுதா பாருன்னாங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். "இதை எழுதித் தருவீங்களா?" என்று கேட்டேன். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அது கோவளம் போகிற பஸ். அவர் வீடு எதிர்ப்பக்கம், மாமல்லபுரத்தில்.

கடிதம் வந்த கொஞ்ச நேரத்தில் உன் அண்ணன் போனும் செய்தார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேண்ணா. இதுல இருக்கிறது பொய்."

"இன்னா பொய்? பேட்டரி மாத்தினது நீங்கதானே?"

"மாத்தினோம். அதனால அவ சாகல."

"அப்போ எதனாலன்னு சொல்லேன். எட்டு மாசமா சாக்கெட்டு, சாக்கெட்டுங்கற. உனுக்கு எப்டித் தெரியும்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கற. எங்கம்மா இன்னும் சரியா சோறு துன்னல. இத்த முடிச்சி வுடும்மா. திங்கக்கெழமைக்குள்ள கையெழுத்து போட்டுக் குடு."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

இதுவரை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். நீ அதைக் கவனித்திருப்பாய். என் கணக்குகளில் விட்டுப்போன வரியை எப்போதும் நீதான் கண்டுபிடிப்பாய்.

சிவப்பு விளக்கு எரிந்தபோது நீ பார்த்துவிட்டு, "எர்த்து இல்லடி. சாப்ட்டுட்டு வேற எடம் பாக்கலாம்" என்றாய். வந்தவர்களை அழைத்துக்கொண்டு கடலுக்குப் போனாய். வண்டியில் நானும், வெயில் தாங்காமல் படுத்துவிட்ட அந்தக் குடும்பத்துப் பெரியவரும் மட்டும் இருந்தோம். அவர் மூன்றாவது முறை ஏ.சி.யைக் கேட்டபோது நான் போய் எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். அவர் சாக்கெட்டைத் திறந்து பார்த்து, "எர்த்தே இல்ல மேடம். லூப்தான் குடுக்கணும்" என்றார். லூப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் நான். "எப்படியாவது அந்த வெளக்க அணைங்க. ஒரு நாளைக்குத்தானே" என்றேன். அவர் வயரை வெட்டும்போது வண்டி நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வயர்.

மதியம் சாப்பிட வந்தபோது நீ பச்சை விளக்கைப் பார்த்தாய். "இன்னா பண்ணாரு?" என்று கேட்டாய். "சரி பண்ணிட்டாரு" என்றேன். உன் கை சாக்கெட் மூடியை நோக்கிப் போனது. பிறகு என் முகத்தைப் பார்த்தாய். கையை எடுத்துவிட்டாய். இத்தனை வருஷத்தில் நீ இழுத்துப் பார்க்காமல் விட்ட ஜாயின்ட் அது ஒன்றுதான். நான் சொன்னேன் என்பதற்காக விட்டாய்.

எட்டு மாதமாக ரிசார்ட்டைத் திட்டினேன், மேனேஜரைத் திட்டினேன், உன் காரியத்தில் பேசியவர்களைத் திட்டினேன். அத்தனையும் நியாயமான கோபம்தான். ஒன்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அந்த எலெக்ட்ரீஷியனை விட்டால் அந்த வயரைப் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். பார்த்தேன் என்று சொன்னால், ஏன் தடுக்கவில்லை என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, உன் கை செய்த நல்ல வேலையின் மேல் ஊரே பழி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கரையில் இன்னும் எத்தனை சாக்கெட்டுகளில் அந்தக் கறுப்பு வயர் இருக்கிறதோ! ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்னைப் போல் ஒருவர் நின்று, ஒரு நாளைக்குத்தானே என்று சொல்லியிருப்பார்.

திங்கட்கிழமை நான் மேனேஜரிடம் போகப்போவதில்லை. முதலில் ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு. உன் அண்ணனுக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு என்னோடு பேசுவாரா என்பதும் தெரியாது. வீட்டிலும் சொல்லவில்லை. மேனேஜர் தட்டச்சு செய்த தாள் எனக்கு வேண்டாம். வெள்ளைத் தாளில் என் கையெழுத்திலேயே எழுதிக்கொண்டு போகிறேன். முதல் வரியை மட்டும் முடித்திருக்கிறேன்: "அந்த வயரை வைத்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன், வைக்கச் சொன்னதும் நான்தான்."