என் கண் பட்டதென்றீர்களே, மதினி

மதினி,

முழங்கால் வலிக்கென்று வாங்கி வந்த அரிஷ்டக் குப்பியை இன்று காலையில் திறந்தேன். புளிப்பும் இனிப்புமாக அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் வீட்டு வராந்தா கண்முன் வந்து நின்றது.

நர்சிங் படிக்கும் பேத்தி பக்கத்தில் இருந்தாள். "நன்னி, ரெண்டு ஸ்பூனோட நிறுத்துங்க. இது புளிக்க வச்ச மருந்தாக்கும். ஆல்கஹால் உண்டு."

"என்னடி, சாராயமா?"

"கொஞ்சம் உண்டு."

ஸ்பூன் கையிலேயே நின்றுவிட்டது. எனக்கு நீங்கள் கூண்டில் வளர்த்த பின்ச் குருவிதான் நினைவில் வந்தது.

என்ன பாட்டு பாடும் அந்த ஆண்குருவி! பிள்ளைகளின் ஊதல் மாதிரி, மணிமணியாக. ஒரு மழைக்காலத்தில் அது சோர்ந்திருந்தபோது, நீங்கள் குடிக்கிற அரிஷ்டத்தை அதன் தண்ணீர்க் கிண்ணத்திலும் விட்டீர்கள். "அதுக்கும் சத்து வேணும்ல" என்றீர்கள். அப்புறம் பாட்டு குழைந்தது. வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போல ஒன்றோடொன்று ஒட்டி, சத்தமும் அடங்கி. குழையக் குழைய நீங்கள் மேலும் விட்டீர்கள்.

பாட்டு நன்றாயிருந்தபோது ஒருநாள் வாய்விட்டுப் புகழ்ந்திருந்தேன். அது போதாதா! பெருநாளன்று வீடு நிறைய ஆட்கள் இருக்க, நான் படியேறியதும் கூண்டைத் துண்டால் மூடினீர்கள். "இவ கண்ணு பட்டுத்தான் அதுக்கு நாக்கு குழறுது." என் கூடப்பிறந்த அண்ணன்கூட வாய் திறக்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

"பின்ச் குருவி இதைக் குடிச்சா என்னடி ஆகும்?" என்று பேத்தியிடம் கேட்டேன். போனில் தேடிப் பார்த்தாள். "ஆராய்ச்சில இதே சாதிக் குருவிக்கு ஆல்கஹால் கொடுத்துப் பாத்திருக்காங்க நன்னி. சத்தம் குறையுமாம், பாட்டு குழறுமாம்."

யா அல்லாஹ்! கள்ளுஷாப்பு இருக்கிற தெருவே வேண்டாமென்று ஊரைச் சுற்றிப் போன நீங்களா, மதினி? உங்கள் கையாலேயா?

கடைசியில் படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாப்புக் கேட்டீர்கள். என் முறை வந்ததும் கேட்கவில்லை, கொடுத்தீர்கள். "உன்னைப் பொறுத்துட்டேன், போ." சாகப்போகிறவரிடம் வழக்காட முடியுமா? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

செய்யாத குற்றத்துக்கு நீங்கள் தந்த அந்த மாப்பு இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. எனக்கு அது வேண்டாம், மதினி. யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்?