இரண்டு பிஸ்டல், ஒரு கை

மார்ச் 4

பயிற்சியில் இன்றும் சிதறல். குண்டுகள் ஒரே பக்கமாக விலகினால் குறிமுள்ளைத் திருகிச் சரிசெய்துவிடலாம். எனக்கோ கோழிக்குத் தீனி இறைத்ததுபோல் தாள் முழுக்க விழுகிறது. பக்கத்துத் தடத்தில், நெட்டை என்று கிளப்பே கூப்பிடும் பெண் தன் புதுப் பிஸ்டலில் பத்து பத்தாகப் போட்டுத் தள்ளுகிறாள். என்னைவிடச் சின்னவள், நல்லவள். "அக்கா, உங்க பிஸ்டலுக்கு வயசாயிடுச்சு" என்று சிரித்தாள்.

ஏப்ரல் கடைசியில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. ஏர் பிஸ்டலுக்குக் கிளப்பிலிருந்து ஒரு பெண்தான் போக முடியும். நெட்டை அல்லது நான். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இன்னொரு வாய்ப்பு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

குழல் தேய்ந்திருக்கும். வேறென்ன?

மார்ச் 7

கிளப்பில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஸ்பேனர் அண்ணனிடம் கேட்டேன். என்னுடையதையும் நெட்டையுடையதையும் கிளாம்பில் பூட்டி ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நெட்டை உடனே சரி என்றாள். "கெட்டுப்போயிருந்தா என்ன பண்ணுவ?" என்று அண்ணன் கேட்டார்.

"நிம்மதியா இருப்பேன்" என்றேன். அவர் ஒருமாதிரிப் பார்த்தார்.

மார்ச் 15

ஒப்பீடு முடிந்தது.

ஒரே டப்பாக் குண்டு, அதே பெஞ்சு, அதே பத்து மீட்டர். முதலில் நெட்டையுடையது. கிளாம்பில் கைபடாமல் நின்று சுட்டது. தாளில் பட்டாணி அளவில் ஒரே ஓட்டை. பிறகு என்னுடையது. தாளை எடுத்து வந்த அண்ணன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். நம்பாமல் குண்டு டப்பாவை மாற்றி இரண்டையும் இன்னொரு முறை சுட்டார்.

"ரெண்டும் தங்கம். உன்னோடது ஒரு மயிரிழை ஒசத்தி."

நெட்டைக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் குதித்திருக்க வேண்டும். தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தாளு ஏன் ஆடுது?" என்றார் அண்ணன், மெதுவாக.

காற்று என்றேன்.

மார்ச் 16

அங்கே ஃபேன் ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது.

மார்ச் 23

எனக்குப் பிழைப்பு ரத்தம் எடுப்பது. பரிசோதனைக்கூடத்தில் பதினேழு வருடம். "அந்தம்மாகிட்டயே எடுத்துக்கிறோம், வலிக்காது" என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. இன்று ஒரு பெரியவருக்கு நரம்பு தப்பியது. இரண்டாவது முறையும். "பரவால்லம்மா, என் நரம்பு அப்படி" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். அவர் நரம்பு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். "ஆறு மாசமா பாக்கறேன். குழம்பு ஊத்தும்போது கரண்டி தட்டுல இடிக்குது. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

ஆறு மாசமா! சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அதுவும் தெரியும்.

மார்ச் 30

நரம்பு டாக்டர் நத்தை ஓடுபோல ஒரு சுழி வரையச் சொன்னார். குண்டும் குழியுமான சாலையில் வண்டிக்குள் உட்கார்ந்து வரைந்ததுபோல் வந்தது. பயப்படும் நோய் இல்லையாம். உயிருக்கு ஒன்றுமில்லை, நடுக்கம் மட்டும். வருடம் போகப் போகக் கூடும். "வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

அம்மாவுக்கு இருந்தது. டம்ளர் தட்டில் தடதடக்கும். அப்பாவுக்குப் பயந்துதான் அவள் கை நடுங்குகிறது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். நாங்களும் நம்பி, கடைசிவரை அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம் அப்பா. அம்மாவும் அப்படியே நம்பித்தான் போய்ச் சேர்ந்திருப்பாள்.

மாத்திரை எழுதித் தந்தார். இதயத் துடிப்பை அடக்குகிற மாத்திரை, கை நடுக்கத்தையும் அடக்குமாம். பெயரை இரண்டு முறை படித்தேன். எங்கள் விளையாட்டில் தடை செய்த மருந்து. மற்ற விளையாட்டுக்காரர்கள் பெரும்பாலும் தாராளமாகப் போடலாம்; துப்பாக்கி பிடிக்கிறவர்கள் போடக் கூடாது.

ஏப்ரல் 2

கிளப் செயலாளரைக் கேட்டேன், தெரிந்தவருக்காகக் கேட்பதுபோல. நோய்க்காக இந்த மாத்திரைக்கு விலக்கு கிடைக்குமா? "அதுக்கு மட்டும் குதிரைக்கொம்பு. கை நிக்கறதுதானே மொத்த விளையாட்டும்?"

யாருக்காகக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 3

மாத்திரை அலமாரியில் இருக்கிறது. பிரிக்கவில்லை. தேர்வு முடியட்டும்.

ஏப்ரல் 11

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஒரு வயதுகூட ஆகாத குழந்தை. காய்ச்சல். நரம்பு நூல் மாதிரி. பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. எனக்கென்ன, பதினேழு வருஷம்னு ஒரு திமிர். ஊசி உள்ளே போனதும் கை ஆடிடுச்சு. கிழிச்சிடுச்சு. சின்னக் கிழிசல்தான், ஆனா அந்த அழுகை. அந்தத் தாய் குழந்தையைப் பிடுங்கி மாரோட அணைச்சுகிட்டு, "கை இப்படி ஆடுதே, உங்களுக்குத் தெரியாதா?"ன்னா.

தெரியும். தெரிஞ்சேதான் குத்தினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாத்திரையைப் பிரித்துப் போட்டேன்.

ஏப்ரல் 14

பிஸ்டலைச் சும்மா சுவரைப் பார்த்து நீட்டினேன். குண்டு இல்லை. குறிமுள் அப்படியே நின்றது. படம் பிடித்து ஒட்டியதுபோல நின்றது. இவ்வளவு காலத்தில் ஒருநாளும் இப்படி நின்றதில்லை.

இவர் பின்னாலிருந்து பார்த்துவிட்டார். "நிக்குது பாரு!" அவருக்குக் கண் கலங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கி, "தேர்வுலயே மருந்துச் சோதனை வைக்கப் போறாங்களா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

நல்லதுக்குத்தான் சொல்கிறார். நானும் அதையேதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 15

போய்ச் சுடலாம். ஜெயிக்கவும் ஜெயிப்பேன். ஆனால் அன்று கிளாம்பில் பூட்டிச் சுட்டோமே, அந்தப் பத்தெல்லாம் யாருடையது? ஸ்பேனர் அண்ணன் விசையை அழுத்தினார், அவ்வளவுதான். அவரைப் போட்டிக்கு அனுப்புவார்களா? மாத்திரையும் ஒரு கிளாம்ப்தான்.

நெட்டை வேறு தினமும் வேலை முடிந்து ஓடி ஓடி வருகிறாள்.

ஏப்ரல் 17

செயலாளரிடம் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டேன். காரணமும் சொன்னேன்: மாத்திரையை விட்டால் ஊசி பிடிக்க முடியாது, போட்டுக்கொண்டு சுடக் கூடாது. "முழு மனசாத்தானே?" என்றார். இல்லை என்றேன்.

ஏப்ரல் 19

நெட்டை வீட்டுக்கு வந்தாள். அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டபின் தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பிஸ்டலைக் குடுப்பீங்களா?"

எப்படிக் கேட்க மனம் வந்தது இவளுக்கு! ஆனால் அவள் இடத்தில் நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். மயிரிழை என்றாலும் மயிரிழைதானே. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 20

வேலையில் எல்லாம் முதல் குத்திலேயே. யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 22

பிஸ்டலை எடுத்துக்கொண்டு ஸ்பேனர் அண்ணன் பட்டறைக்குப் போனேன். நெட்டையும் வந்திருந்தாள். பிஸ்டலின் மரப்பிடி என் உள்ளங்கைக்கென்று செதுக்கியது. அவள் விரல் நீளம், கட்டைவிரல் பள்ளத்தில் உட்காரவில்லை. ஸ்பேனர் அண்ணன் அரத்தைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினார். "இழைச்சிட்டா அப்புறம் உன் கைக்கு வராது. புதுக் கட்டை செதுக்கிடலாம்."

"தேர்வுக்கு நாளில்லண்ணே. குடுங்க, நானே இழைக்கறேன்."

நெட்டையின் கையைப் பென்சிலால் மரத்தில் குறித்துக்கொண்டேன். கோட்டை விட்டு ஓர் இடத்திலும் அரம் விலகவில்லை. இரண்டு முறை அவள் கையில் வைத்துப் பார்த்து, விரல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் இழைத்தேன். மூன்றாவது முறை அவள் நீட்டிப் பிடித்தாள். "அக்கா, சரியா இருக்கு."

மரத்தூளைத் தட்டிவிட்டேன். கைகழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.