வலது இறக்கையைத் தவிர எல்லோரும் நலம்

அன்பு மகனுக்கு,

நீ செய்தது தப்பு. தப்பு என்று தெரிந்த ஒன்றின் கீழே 'திட்டமிட்டபடியே இயங்குகிறது' என்று எழுதி உன் பெயரைப் போட்டாய், போட்டுவிட்டு என் புகாரை மூடினாய், மூடியதோடு விடாமல் போன வாரம் போன் செய்து அந்தப் புகாரையே எடுத்துவிடச் சொல்கிறாய். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நிம்மதியாக எழுத முடியும். இங்கே அப்பா நலம், அக்கா நலம், அவள் வீட்டில் எல்லோரும் நலம், வலது இறக்கையைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன், கோபமாக நினைத்தாலும் அதையேதான் நினைக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் பேசினால் நீ நடுநடுவே 'ம்' போடுகிறாய், கூடவே கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கிறது. கடிதத்துக்கு யாரும் 'ம்' போட முடியாது.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நிறைய நடக்கச் சொன்னார் டாக்டர், இவரும் நடக்கிறார், ஹாலிலிருந்து சமையலறை வரை, டீ ஆகிவிட்டதா என்று பார்க்க. அக்கா புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். லிப்ட் இருக்கிறது என்பதற்காகவே மாப்பிள்ளை மேல்மாடியில் பார்த்துப் பிடித்த வீடு. அந்த லிப்ட் அவர்கள் போன நாளிலிருந்து ஓடவில்லை, ஆனால் கதவில் தொங்கும் 'பராமரிப்பில் உள்ளது' என்ற பலகையை மட்டும் யாரோ வாராவாரம் துடைத்து வைக்கிறார்களாம். நல்ல பராமரிப்பு. நீ குளிர்நாட்களில் காதை மூடிக்கொண்டு போகிறாயா? கம்பெனி கொடுக்கும் காபியை மட்டும் குடித்துவிட்டு மதியம் சாப்பிட்டேன் என்று சொல்வதை நிறுத்து, குரலிலேயே தெரிகிறது. நான் வேலை பார்த்த பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்தே எனக்குப் பாதி ஆயுள் போனது. கன்னம் வீங்கிப் போய் வந்து நின்று 'வலியெல்லாம் இல்லைங்க, சும்மா காட்டிட்டுப் போலாம்னு' என்று சொன்னவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். என் புகாருக்கு உங்கள் கம்பெனியின் இணைய மன்றத்தில் நீ எழுதிய அந்தப் பதில் இருக்கிறதே, அதற்கும் கன்னம் வீங்கித்தான் இருந்தது.

நடந்ததை வரிசையாகவே எழுதிவிடுகிறேன், பிறகு நான் எதையோ கூட்டிச் சொன்னேன் என்று பேச்சு வரக் கூடாது. உன்னைப் பார்க்க நாங்கள் விமானத்தில் வந்தபோது எனக்கு வலது இறக்கையை ஒட்டிய ஜன்னல் சீட்டு கிடைத்தது. மற்றவர்கள் படம் பார்த்தார்கள், அப்பா தூங்கினார், நான் இறக்கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது சும்மா நீட்டி வைத்த தகரம் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. வலது பக்கம் திரும்பும்போது என் பக்கத்து இறக்கையின் முதுகிலிருந்து சின்னச் சின்னப் பலகைகள் எழுந்தன, இடது பக்கம் திரும்பும்போது அவை அப்படியே படுத்துக் கிடந்தன. போனில் வீடியோ படம் பிடித்துக்கொண்டேன். உன் வீட்டுக்கு வந்ததும் உன்னிடம்தான் விளக்கம் கேட்டேன், நீதான் சொன்னாய். பலகை எழுந்த பக்கம் காற்றின் தாங்கல் குறையும், அந்த இறக்கை தாழும், விமானம் அந்தப் பக்கம் சாயும், அதனால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் எழும் என்று சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளை வைத்துக் காட்டினாய். ஊருக்குக் கிளம்பும்போது, 'இந்தாம்மா, இது நான் வேலை பார்த்த ஜெட்டு, ரெக்கை முழுக்க என் வேலை' என்று உங்கள் கம்பெனியின் சிமுலேட்டரை, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் அந்த விளையாட்டை, கையில் கொடுத்தாய். இங்கே வந்து உன் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன், மற்றதெல்லாம் அதனிடமே திட்டு வாங்கித் திட்டு வாங்கி நானே கற்றுக்கொண்டேன். தானாக ஓடும்படி விட்டுவிட்டு நான் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். அப்பா வருவோர் போவோரிடமெல்லாம், 'ஓட்டத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, ஓட்டுவா. ஆனா ஓட்டறதை விட்டுட்டு பின்னாடி போய் பயணியா உட்கார்ந்துக்குவா' என்று சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்தப் பலகைகள் என் போனில் இருந்த படத்தில் எப்படி எழுந்தனவோ அப்படியே எழுந்தன. எழுவதற்கு முன் ஒரு சின்னத் தயக்கம்கூட இருந்தது. என் பிள்ளை செய்த வேலை என்று பார்த்தேன்.

பிறகு புதுப் பதிப்பு வந்தது. 'பல மேம்பாடுகள்' என்று போட்டிருந்தீர்கள். மேம்பாடு என்னவென்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு இறக்கைகளிலும் பலகைகள் ஒன்றாக எழுந்தன. இரண்டு பக்கமும் ஒன்றாக எழுந்தால் அது திரும்புகிற விமானம் இல்லை, வேகத்தைக் குறைத்து இறங்கப் பார்க்கிற விமானம். ஆனால் உங்கள் ஜெட் அழகாகத் திரும்பியது! பறப்பதற்குக் கணக்கு வேறாம், கண்ணுக்குத் தெரியும் அசைவு வேறாம், ஒன்றுக்கும் மற்றதற்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். சில குடும்பங்களும் அப்படி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், அதற்காக அதை மேம்பாடு என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் கம்பெனியின் மன்றத்தில் 'ஜன்னலோரம்' என்ற பெயரில் புகார் எழுதி, போனில் பிடித்த படத்தையும் போட்டேன். ஒருவர் வந்து, 'தம்பி, முதல்ல நிஜ ஃப்ளைட்ல ஏறிப் பாரு' என்றார். இன்னொருவர் இறக்கையை விட்டுவிட்டு, படத்தில் கேட்கும் அந்தக் கரகர சத்தம் எந்த வகை இன்ஜின், நடுவில் ஏன் நின்று நின்று வருகிறது என்று கேட்டார். அது உன் அப்பாவின் குறட்டை என்று நான் சொல்லவில்லை. இன்ஜின் பற்றி அவர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. இதற்கு நடுவில்தான் உன் பதில் வந்தது, உன் பெயரோடு. எழுதியது நான் என்று உனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெற்றவளுக்கு ஒரு பதில், ஊராருக்கு ஒரு பதில் என்று உன்னை நான் வளர்க்கவில்லை. அதனால் அதன் கீழேயே எழுதினேன், இந்தப் பெயருக்குரிய பிள்ளையை அவன் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும், முதலில் அவன் சரியாகத்தான் செய்திருந்தான், பிறகுதான் மாற்றியிருக்கிறார்கள் என்று. அதைப் படித்துவிட்டு உன் மேலாளர், உள்ளே நடந்ததை நீதான் வீட்டுக்குக் கொட்டிவிட்டாய் என்று முடிவு கட்டி, இந்த மாதக் கடைசியில் விசாரணைக் கூட்டம் வைத்திருக்கிறார். 'எடுத்துடும்மா, நான்தான் சொல்லிட்டேன்னு நினைக்கறாங்க, வேலை போயிடும்மா' என்று நீ சொன்னபோது உன் குரல் இருந்த இருப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பிடிவாதக்காரிதான், காது செவிடு இல்லை.

அன்று போனில்தான் நீ முழுக் கதையும் சொன்னாய், அதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் படம் திக்கித் திக்கி ஓடியதால் இரண்டு இறக்கைகளுக்கும் ஒரே அசைவை வைத்துச் சுமையைக் குறைத்தார்கள், நீ வேண்டாம் என்றாய், 'யாருப்பா ஜன்னலுக்கு வெளிய பார்க்கப் போறாங்க' என்று மேலாளர் கேட்டார், புகார் வந்தபோது பதிலை உன்னையே எழுத வைத்தார். இதில் ஒரு வரிகூட நான் வெளியே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். எனக்குத் தேவையும் இல்லை. என்னிடம் பழைய பதிப்பும் இருக்கிறது, புதுப் பதிப்பும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் கண் உள்ள எவருக்கும் தெரியும். இதற்கு உளவு எதற்கு?

புகாரில் இரண்டாவதாக ஒன்று எழுதியிருந்தேன், உயரத்தில் வேகமாகப் பறக்கும்போது இறக்கை நுனியில் இருக்கும் மடல் அசையவே இல்லை, அதுவும் பழுது என்று. அது பழுதில்லை, அந்த வேகத்தில் நுனி மடல் அசைந்தால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும், அதனால் பூட்டி வைப்பார்கள் என்று நீ சொன்னாய். நான் நம்பவில்லை. போனில் பிடித்த படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். மடல் அசைந்தது உண்மை, ஆனால் கீழே வீட்டுக் கூரைகள் தெரிந்தன. தரை இறங்கும் நேரத்தில் எடுத்ததை வைத்துக்கொண்டு நான் மொத்தப் பயணத்துக்கும் பேசியிருக்கிறேன். அதில் நீ சொன்னது சரி, நான் சொன்னது தவறு. பலகை விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. ஒன்றில் தவறிவிட்டேன் என்பதற்காக மற்றதையும் விட்டுக்கொடுப்பேன் என்று உன் மேலாளர் எதிர்பார்க்க வேண்டாம்.

புகாரை எடுக்க மாட்டேன். கோபப்படாமல் யோசித்துப் பார். இப்போது அது காணாமல் போனால், மகன் சொன்னான், தாய் அழித்தாள் என்று அவரே ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுவார், பிறகு நீ எதைச் சொன்னாலும் எடுபடாது. அது அங்கே இருந்தால்தான் நீ சொல்லாமலே, என் கண்ணால் பார்த்ததை வைத்து நான் எழுதினேன் என்பதற்குச் சாட்சி. உன் அப்பாவிடம் கேட்டேன். வழக்கமாக இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர், 'அவ சொல்றதுல தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு' என்றார். அதுவும் சரியாக இருக்கலாம். பிள்ளையை நாலு பேர் முன்னால் பேர் சொல்லிப் பிடித்து இழுத்திருக்க வேண்டாம். அதை நான் சரிசெய்கிறேன், என் வழியில்.

நீ நன்றாக இருப்பாய், உன் கைவேலைக்கு ஒரு குறையும் வராது, பெற்ற வயிறு சொல்கிறது. இனி ஆக வேண்டியவை. நான் செய்ய வேண்டியது, இந்தக் கடிதத்தைக் கூரியரில் போட்டுவிட்டு, இன்றே மன்றத்தில் எழுதுவது: நான் அவன் அம்மா, புகார் எழுதியபோது அவன் எனக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை, இரண்டு பதிப்புகளையும் வைத்து நானே பார்த்தேன், மடல் பற்றி எழுதியது என் பிழை, அதைத் திரும்பப் பெறுகிறேன், பலகை பற்றி எழுதியது நிற்கிறது. உன் மேலாளர் செய்ய வேண்டியது, பழைய அசைவையும் வைத்து, நல்ல கம்ப்யூட்டர் உள்ளவர்கள் அதையும் மற்றவர்கள் இதையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது. செய்வாரா என்பது அவர் பாடு. நீ செய்ய வேண்டியது, கூட்டத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவது, சத்தம் போடாமல் பேசுவது, அந்தப் பதிலில் இருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்பது, இல்லையென்றால் பெயரை விட்டுவிட்டுப் பதிலை மாற்றுவது: 'தவறு என்று தெரியும், வேகத்துக்காக இப்படி வைத்திருக்கிறோம்.' இதை எழுதினால் யாருடைய தலையும் போகாது. கூட்டம் முடிந்ததும் எனக்குப் போன் செய்யாதே, என்னிடம் 'எல்லாம் சரியாயிடுச்சும்மா' என்றுதான் சொல்வாய். அப்பாவுக்குச் செய். வேலை இருந்தாலும் போனாலும் உள்ளபடி அவரிடம் சொல். அப்பா செய்ய வேண்டியது, போனை என்னிடம் கொடுக்காமல் முழுவதும் கேட்பது, வேலை போயிருந்தால், 'நீ கிளம்பி வாடா, மத்ததை இங்க வந்து பார்த்துக்கலாம்' என்று அங்கேயே சொல்லிவிடுவது. அதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத,
அம்மா